மானிட்டரும் அதன் தண்ணீரும்

தொழிற்சாலைகளிலும் எண்ணெய்க் கிடங்குகளிலும் மூளும் பெருந்தீயை எதிர்க்கத் தீயணைப்புத் துறையினர் கையாளும் கருவிகளுள், அவர்கள் ‘மானிட்டர்’ என்று அழைக்கும் பெரிய நீர்பீச்சி பொதுமக்களின் பார்வைக்கு அதிகம் வராத ஒன்று. மடக்கி விரிக்கத்தக்க கால்கள், தண்ணீர்க் குழாய்களைப் பொருத்துவதற்கான வாய்கள், மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் ஒரு வளைகுழல், அதன் நுனியில் நாசில் எனப்படும் பீச்சுமுனை ஆகியவையே இதன் உறுப்புகள். ஆலை வளாகத்தில் தரையோடு பொருத்தி நிறுத்தப்படும் மானிட்டர்கள் ஒரு வகை. வண்டியிலிருந்து இறக்கி, தீ எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற இடத்தில் வைத்து, குழாய்களை இணைத்துத் திறந்துவிடும் பெயர்க்கத்தக்க மானிட்டர்கள் மற்றொரு வகை. இங்கே விளக்க எடுத்துக்கொண்டது இரண்டாம் வகையே.

வீட்டுத் தீயை அணைக்கத் தீயணைப்பு வீரர் கையில் பிடிக்கும் குழாய் போதும் என்றிருக்க, ஆலைத் தீக்கு மட்டும் ஏன் தனிக் கருவி வேண்டும் என்ற கேள்விக்கு விடை இயற்பியலில் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு மிகுதியாகவும் வேகமாகவும் முன்னே பாய்கிறதோ அவ்வளவு விசையுடன் பீச்சுமுனை பின்னுக்குத் தள்ளப்படும். 7 பார் அழுத்தத்தில், 12.5 மில்லிமீட்டர் துளையுள்ள முனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 275 லிட்டரை வெளியேற்றும்போது அதன் பின்தள்ளல் 17 கிலோ எடைக்குச் சமம். அதை ஓர் ஆள் தாங்கிக்கொள்வார். அதே அழுத்தத்தில் துளையை 38 மில்லிமீட்டராக்கினால் நிமிடத்துக்கு 2,500 லிட்டர் பாய்கிறது, பின்தள்ளலோ 160 கிலோவை எட்டுகிறது. எத்தனை பேர் சேர்ந்து பிடித்தாலும் நெடுநேரம் தாங்க முடியாத இந்த விசையைத் தரையிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்கள் பின்னே விலகி நிற்க வழி செய்வதே மானிட்டரின் வேலை.

தரையிடம் ஒப்படைப்பதிலும் நுட்பம் உண்டு. பீச்சுமுனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது பின்தள்ளும் விசையின் ஒரு பகுதி கீழ்நோக்கி அமைந்து கருவியைத் தரையோடு அழுத்துகிறது. முனையைத் தாழ்த்தத் தாழ்த்த அந்த அழுத்தம் குறைந்து, கிடைமட்டத் தள்ளல் ஓங்கி, கருவி பின்னே சறுக்கவோ கவிழவோ முற்படுகிறது. எனவே பல கருவிகளில் முனை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே இறங்காதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். கால்களின் நுனியில் கூரிய முட்கள் இருக்கும். மண்தரையில் அவை பற்றிக்கொள்ளும், வழுவழுப்பான சிமென்ட் தரையில் பற்றாது என்பதால் அருகிலுள்ள தூணிலோ வண்டியிலோ பட்டையால் கட்டிவிட வேண்டும். அண்மைக் காலத்து இலகு மானிட்டர்கள் சிலவற்றில், கருவி நகரத் தொடங்கிய உடனே நீரைத் தானாகத் தடுக்கும் அடைப்பானும் உண்டு. இவை எல்லாம் இருந்தாலும் வால்வை ஒரேயடியாகத் திறக்கக்கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம்.

மானிட்டரின் தேவை எண்ணெய்க் கிடங்குகளோடு முடிவதில்லை. ஜவ்வாதுமலையின் அடிவாரத்தில், திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள ஆலங்காயத்தை எண்ணெய்க் கிடங்கு நகரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அதற்கு அருகேயுள்ள வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடும் ஆலைகளாலும் காலணித் தொழிற்சாலைகளாலும் பிழைக்கும் ஊர்கள். தோலுக்கு மெருகேற்றும் கரைப்பான்களும், காலணியின் அடிப்பகுதியை ஒட்டும் பசைகளும் எளிதில் தீப்பற்றும் ஆவியை விடுபவை. ரப்பரும் நுரைத் தகடுகளும் கரும்புகையோடு எரிபவை. இத்தகைய கிடங்குகளின் தகரக் கூரையைத் தாங்கும் எஃகுச் சட்டங்கள் 550 டிகிரி செல்சியஸ் அளவில் ஏறக்குறையப் பாதி வலிமையை இழக்கின்றன. சட்டம் வளைந்தால் கூரை இறங்கும், சுவர் வெளியே சாயும். உள்ளே ஆள் நுழையக்கூடாத அந்தக் கட்டத்தில், சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவு தள்ளி மானிட்டரை நிறுத்தி, சன்னல் வழியாகவோ திறந்த கூரை வழியாகவோ தண்ணீரைச் செலுத்துவதே அறிவுடைமை.

வாணியம்பாடி வழியே செல்லும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் எரிவாயு டேங்கர்கள் இப்பகுதிக்கு மானிட்டர் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம். கவிழ்ந்த டேங்கரின் மீது தீநாக்கு படும்போது, திரவம் தொடும் கீழ்ப்பகுதி ஓரளவு குளிர்ச்சியோடு இருக்க, ஆவி மட்டும் நிறைந்த மேல்பகுதியின் உலோகம் வெகு விரைவில் சூடேறி நலிந்து கிழிகிறது. உள்ளிருக்கும் திரவம் முழுவதும் ஒரே நொடியில் கொதித்துப் பெரும் நெருப்புக்கோளமாகிறது. இதைத் தடுக்க, தீ படும் ஒவ்வோர் இடத்துக்கும் நிமிடத்துக்கு 1,900 லிட்டர் அளவில் நீர் விழவேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். கைக்குழாயால் அது ஆகாது. மானிட்டரை வைத்துவிட்டு ஆட்கள் விலகினால் மட்டுமே ஆகும்.

இந்தியா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையில் எரிவாயு கசிந்து வெடித்ததில் 60 பேர் அளவில் இறந்தனர். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுராவில் இந்தியன் ஆயில் முனையத்தில் கசிந்த பெட்ரோல் ஆவி வெடித்துத் தொட்டிகள் எரிந்தபோது, அணுக வழியின்றி, எண்ணெய் தானாக எரிந்து தீரட்டும் என்று விட்டுவிட நேர்ந்தது. தீ அடங்கப் பதினொரு நாள்கள் ஆயின. அதன்பின் எண்ணெய்த் தொழிலின் பாதுகாப்பு விதிகள், தொலைவிலிருந்தே இயக்கத்தக்க பெரிய மானிட்டர்களை வலியுறுத்தின.

மானிட்டரால் ஆகாதவையும் உண்டு. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்தபோது, ஆற்றுநீரை இடையறாது பாய்ச்சியும், மண்வாரி இயந்திரங்கள் குப்பையைக் கிளறிப் புரட்டிய பிறகே அடியில் கனன்ற தீ அடங்கியது. அடுக்கி வைத்த தோல் கட்டுகளுக்குள் கனலும் தீயும் அப்படிப்பட்டதே.

எனினும் இந்தக் கருவியின் மெய்யான இக்கட்டு அதன் தாகம். 4,500 லிட்டர் கொள்ளும் தீயணைப்பு வண்டியொன்றின் முழு நீரையும் மேற்சொன்ன 38 மில்லிமீட்டர் முனையுள்ள மானிட்டர் இரண்டு நிமிடத்துக்குள் குடித்துவிடும். ஒரு மணி நேரம் நிற்காமல் இயங்க 1,50,000 லிட்டர் தேவை. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளால் அதை ஈடுகட்ட நினைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு லாரி வந்து சேரவேண்டும். எண்ணெய்க் கிடங்குகளோ தம் பம்புகள் நான்கு மணி நேரம் முழு அளவில் ஓடுவதற்கான நீரை எப்போதும் தேக்கி வைத்திருக்கவேண்டும் என்ற விதிக்கு உட்பட்டவை. காலணி ஆலை, பசைக் கிடங்கு போன்ற சிறு தொழில்களின் வாசலில் அவ்வளவு நீர் இருப்பதில்லை. இப்பகுதியின் ஆறான பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. கிணறுகள் இருக்கின்றனவே என்றால், தீயணைப்பு வண்டியின் பம்பு எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் ஏழெட்டு மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சி ஏற்ற இயலாது; காற்றழுத்தம் விதிக்கும் எல்லை அது. மலையடிவாரத்தின் ஆழ்ந்த கிணறுகளில் கோடையில் நீர்மட்டம் அதற்கு வெகு கீழே போய்விடும். ஆகவே நீர்மூழ்கி மோட்டாரால் முன்கூட்டியே நிரப்பி வைத்த தரைத்தொட்டியும், அதன் அருகே வண்டி வந்து நிற்கத்தக்க பாதையும், வண்டியின் குழாய்க்குப் பொருந்தும் இணைப்பும் இல்லாத ஆலைத்தொகுதிக்கு மானிட்டர் வாங்கிக் கொடுப்பதால் பயன் சிறிதே. கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு தொட்டிக்குப் போகவேண்டும்.

பாய்ந்த நீர் எங்கே போகிறது என்பதும் அதே அளவு முக்கியமானது. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே 1986 நவம்பர் 1 அன்று சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, தீயை அணைக்கப் பீய்ச்சிய நீரே பூச்சிக்கொல்லிகளைக் கரைத்து ரைன் ஆற்றில் சேர்த்தது. ஆறு சிவந்து ஓட, நெடுந்தொலைவுக்கு விலாங்குமீன்கள் மடிந்தன. பாலாற்றுப் படுகையோ ஏற்கெனவே காயம்பட்ட நிலம். தோல் கழிவால் கெட்ட அதன் மண்ணுக்காகவும் நீருக்காகவும் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல்லாக விளங்குகிறது. குரோமிய உப்புகளும் கரைப்பான்களும் அடுக்கிய கிடங்கொன்றில் மானிட்டர் ஒரு மணி நேரம் இயங்கினால், ஆவியாகாமல் எஞ்சும் நீர் அவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு மழைநீர் வாய்க்கால் வழியே பாலாற்று மணலுக்கே போய்ச் சேரும். வளாகத்தைச் சுற்றி ஒரு முழ உயரக் கரையும், வாய்க்காலின் கடைசியில் தீ மூண்டவுடன் இறக்கிவிடத்தக்க மதகுக் கதவும், தேங்கிய நீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றிச் செல்வதற்கான ஏற்பாடும் அதைத் தடுக்கும். அந்தக் கதவை இறக்கவேண்டியவர் யார் என்பதை ஒவ்வொரு ஆலையும் இரவுக் காவலர் வரை பெயர் குறித்து எழுதி வைத்திருக்கவேண்டும்.