மேடையிலே சமத்துவம், மடிச்சீலையிலே?

தோழனே!

1949ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், ராயபுரம் ராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையில் கூடி நின்ற கூட்டத்தை நீ கண்டிருக்கமாட்டாய்; உன் பாட்டனார் கண்டிருக்கக்கூடும். மழைக்கும் கலையாத அந்த மக்கள் முன்னிலையில்தான் நமது கழகம் தன் முதற் பொதுக்கூட்டத்தை நடத்திற்று. அந்தப் பூங்காவைக் கடக்கும்போதெல்லாம் உன் நெஞ்சு நிமிர்கின்றது. நிமிரட்டும்! ஆனால், வீட்டு வாசலை மிதிக்குமுன் ஒன்று கேட்கின்றேன், கோபித்துக்கொள்ளாதே: உன் சம்பளம் எவ்வளவு என்று உன் துணைவிக்குத் தெரியுமா?

நம் வட்டத்துத் தோழர் ஒருவர். சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. கூட்டமென்றால் கொடி கட்டுவதில் முதல்வர், கோஷம் எழுப்புவதில் முதல்வர். பெண்ணுரிமை பற்றிப் பேசச் சொன்னால் அரைமணி நேரம் அனல் பறக்கும். வேலையிலே கால் முறிந்து மூன்று திங்கள் படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். அந்த அம்மையார் அழவில்லை, அமைதியாகச் சொன்னார்: "அண்ணே, இவருகூட இருபது வருசமா குடித்தனம் பண்றேன். கடன்காரன் வாசல்ல வந்து நின்ன பிறகுதான் கடன் இருக்கிறதே எனக்குத் தெரியுது!"

எந்த வங்கியில் கணக்கு, எவ்வளவு சீட்டு, யாரிடம் தண்டல், எதுவும் அவருக்குத் தெரியாது. இருபது ஆண்டு உலை வைத்தவருக்கு, அரிசி வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் மறைபொருள்! அன்று எனக்கு முறிந்த கால் பெரிதாகத் தெரியவில்லை, தோழனே. முறிந்து கிடந்த கொள்கைதான் பெரிதாகத் தெரிந்தது.

நம் பகுதியிலே மூன்றுவகைக் குடும்பங்களைக் காண்கின்றேன். சம்பளம் முழுவதையும் மனைவி கையில் கொடுத்துவிட்டு, டீக்கும் பேருந்துக்கும் கேட்டு வாங்குபவர் ஒருவகை. நாளுக்கு இவ்வளவு என்று படி அளந்துவிட்டு, மீதியை மறைத்துக்கொள்பவர் இரண்டாம்வகை. இருவரும் சம்பாதித்து, "இது உன் செலவு, இது என் செலவு" என்று பிரித்துக்கொள்பவர் மூன்றாம்வகை.

மூன்றாம்வகை நியாயமானது என்றுதானே எண்ணுகின்றாய்? உற்றுப்பார்! காசிமேட்டிலே விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாய் விற்று வருகிறாள் ஒருத்தி. அவள் பணம் அரிசியாகிறது, பருப்பாகிறது, பள்ளிக்கூடக் கட்டணமாகிறது. கணவன் பணமோ மோட்டார் சைக்கிளாகிறது, மீஞ்சூர்ப் பக்கத்து மனையாகிறது. அவள் பணம் உண்ணப்பட்டு மறைந்தது. அவன் பணம் அவன் பெயரில் பத்திரமாய் நின்றது. பத்தாண்டு கழித்துக் கேட்டால், "சொத்து நான் சேர்த்தது" என்கிறான்! அவள் சோறு போட்டிராவிட்டால், இவன் எதிலிருந்து சேர்த்திருப்பான்?

இந்தக் கேள்விக்கு நீதிமன்றமே விடை சொல்லிற்று. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவிலே உழைத்தார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைக் காத்தார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்று வழக்கு. 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார்: வீட்டைப் பேணிய மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தை ஈட்டிய உழைப்பே, ஆகவே, அவருக்கும் சரிபாதி! கூலி வாங்காத கைக்கும் பாதி உண்டென்றால், கூலி வாங்கி உன் வீட்டிலேயே கொட்டிய கைக்கு?

இது நமக்குப் புதிய பாடமா? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. சொத்தின்மையே பெண்ணடிமையின் வேர்களில் ஒன்றென்று பெரியார் ஊர்தோறும் சொன்னார். அறுபது ஆண்டு கழித்து, 1989இல், கலைஞர் ஆட்சி மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம பங்கென்று சட்டம் செய்தது. இந்தியா முழுமைக்கும் அந்தச் சமபங்கு வர 2005 ஆயிற்று. 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த காஞ்சியிலே, ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கிற்று. அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை. உரிமைத்தொகை என்று பெயரிட்டார்கள்.

அந்த உரிமையை நம்மவர் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? "உனக்குத்தான் ஆயிரம் வருகிறதே, இனி கேஸ் சிலிண்டரை நீயே பார்த்துக்கொள்" என்று, வீட்டுக்குக் கொடுத்ததிலே ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டார்கள்! அரசு பெண்ணுக்குக் கொடுத்தது. ஆண் அதைச் சுற்றிவளைத்துத் தன் பைக்கே கொண்டுபோனான். கோட்டையிலே பிறந்த உரிமை குடிசையிலே கொள்ளை போகலாமா?

"நான் அப்படியல்ல, எல்லாச் செலவும் பாதிப்பாதி" என்கின்றாயா? கணக்குப் போடு. உனக்கு 18,000, அவளுக்கு 9,000, வீட்டுச் செலவு 18,000 என்று வைத்துக்கொள். பாதிப்பாதி என்றால் அவள் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. உன் கையில் 9,000. வருவாய்க்கு ஏற்றபடி நீ 12,000, அவள் 6,000 போட்டால், உனக்கு 6,000 மிஞ்சும். அவளுக்கும் 3,000 மிஞ்சும். வலுத்தவன் அதிகம் சுமப்பதுதான் நீதி என்று முதலாளிக்கு எதிரே முழங்குகிறாயே, அந்த நீதி உன் அடுப்பங்கரைக்கு ஆகாதா?

பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை. சம்பள நாளன்று இருவரும் உட்கார்ந்து, வரவையும் கடனையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். குடும்பச் செலவுக்கு இருவர் பெயரிலும் ஒரு கணக்கு வையுங்கள். மனை வாங்கினால் பத்திரத்தில் இருவர் பெயரும் ஏறட்டும். அவளுக்கென்று அவள் கையில் ஒரு தொகை இருக்கட்டும்; அதற்குக் கணக்குக் கேட்காதே. உன் டீக்கடைக் கணக்கை அவள் கேட்டதுண்டா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொடியோடு வா, தோழனே. வருமுன் அந்த நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வா!