யந்திரம் கேட்கும் ஏலச் சீட்டு

'ஏலச் சீட்டு' என்றதும் உங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற சீட்டுதான் ஞாபகத்துக்கு வரும். வரட்டும், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் லட்ச ரூபாய்ச் சீட்டு ஏலம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐயாயிரம் தள்ளி எடுத்துக்கறேன்" என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி "எட்டு" என்கிறாள். அதுவரை மூலையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாள் திடீரென்று "இருபதாயிரம்!" என்கிறாள். கூடத்தில் சத்தமே இல்லை. கணக்கு மட்டும் தெரிந்தவர்கள், 'ஐயோ, இவ்வளவு நஷ்டத்துக்கா எடுப்பாள்!' என்று நினைப்பார்கள். அவளைத் தெரிந்தவர்களுக்கோ வேறு யோசனை ஓடும். பெண்ணுக்கு வரன் குதிர்ந்துவிட்டதா? அவருக்கு ஓவர்டைம் நின்றுபோய்விட்டதா? அவள் சொன்னது ஒரு தொகை. கேட்டவர்கள் தெரிந்துகொண்டது ஒரு குடும்ப சமாசாரம். (பதிவு பெற்ற சீட்டாகப் பார்த்துச் சேருங்கள், அது வேறு விஷயம்.)

பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்துக்கும் உயிர்நிலை இதேதான். அங்கேயும் ஏலம் உண்டு. சொல்வது ஒன்று, கேட்பவர் தெரிந்துகொள்வது பத்து. இந்த ஏலத்தைக் கம்ப்யூட்டர் கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய வேடிக்கை.

திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகிற லோக்கல் ரயில்களில், மடியில் துண்டையோ தினசரியையோ விரித்துச் சீட்டாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மீஞ்சூர் தாண்டும், பொன்னேரி தாண்டும், ஆட்டம் மட்டும் ஓயாது. இப்போது அதே ரயிலில் நாலு தலைகள் நாலு செல்போனுக்குள் புதைந்திருக்கின்றன. செல்போனில் ஒரு சௌகரியம்: ஆட்டத்துக்கு ஆள் தேட வேண்டாம். நீங்கள் ஒருவர் உட்கார்ந்தால் போதும். மற்ற மூன்று நாற்காலியிலும் யந்திரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு யந்திரம் உங்கள் கூட்டாளி, இரண்டு யந்திரங்கள் எதிரிகள்.

பிரிட்ஜ் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தார் பிரியமாக ஆடும் 304 தெரிந்திருந்தால் பிரிட்ஜ் பாதி தெரிந்த மாதிரி. நாலு பேர், எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. 52 சீட்டும் ஆளுக்குப் 13. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டு அள்ளிக்கொண்டு போவது ஒரு 'பிடி'. மொத்தம் 13 பிடி. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முன்னாலேயே ஏலத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி எடுத்தால் லாபம், தவறினால் நஷ்டம். 1925-ம் வருஷம் பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் சீமான், பொழுது போகாமல் இந்த ஆட்டத்துக்கு இப்போதைய உருவம் கொடுத்தார்.

இனி ஏலத்துக்கு வருவோம். அதில் மொத்தம் 15 சொற்களுக்குத்தான் அனுமதி. ஒன்று முதல் ஏழு வரை எண்கள். கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட். துருப்பே வேண்டாம் என்பதற்கு 'நோ டிரம்ப்'. பிறகு பாஸ், டபிள், ரீடபிள். அவ்வளவுதான். 'என்னிடம் ராஜா இருக்கிறான்' என்று சொல்லக்கூடாது, கண் ஜாடை கூடாது, பெருமூச்சும் கூடாது. 13 சீட்டுகளைக் கையில் பிடிக்கும் விதங்களோ 63,501 கோடிக்கும் அதிகம். இத்தனையையும் 15 சொற்களால் கூட்டாளிக்கு உணர்த்தியாக வேண்டும். ஆகவே, ஆடுகிறவர்கள் அந்தச் சொற்களைக் கொண்டு ஒரு பாஷையையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஏஸுக்கு 4 பாயிண்டு, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. பலரும் ஆடும் ஒரு முறைப்படி, 'ஒரு நோ டிரம்ப்' என்று ஆரம்பித்தால், 'என்னிடம் 15 முதல் 17 பாயிண்டு. நாலு இனமும் ஏறக்குறையச் சமமாக இருக்கிறது' என்று அர்த்தம்.

யந்திரத்துக்கு இந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மாத்யூ கின்ஸ்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவருடைய யந்திரத்துக்கு 'ஜிப்' என்று பெயர். கராச்சியில் பிறந்த பிரபல ஆட்டக்காரர் ஜியா மஹ்மூத், யந்திரத்தால் தம்மை ஜெயிக்க முடியாது என்று 1990-ல் பத்து லட்சம் பவுன் பந்தயம் கட்டியிருந்தார். ஜிப்பின் கைவரிசையைக் கண்டபின், 1996-ல் மெதுவாகப் பந்தயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்! 1998-ல் கம்ப்யூட்டர்களுக்குள் ஜிப் உலக சாம்பியன். 2001-ல் தொடங்கிய 'பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்' என்ற இணைய மேடையில் பல வருஷங்களாக மனிதர்களுக்குக் கூட்டாளியாகவும் எதிரியாகவும் ஆடி வந்திருப்பது இந்த ஜிப்தான்.

சீட்டைப் போடுவதில் ஜிப் சூரன். ஏலத்தில்தான் அதன் குணவிசேஷங்கள் வெளிப்படுகின்றன.

முதல் குணம், சொன்னதை அப்படியே நம்புவது. நீங்கள் 'ஒரு இஸ்பேட்' என்றால், ஐந்து இஸ்பேட் இருக்கிறது என்று அதன் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. உங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு இஸ்பேட் என்றாலும் அது சந்தேகப்படாது. எதிரி யந்திரத்தின் கையில் இஸ்பேட் கொட்டிக் கிடக்கும். ஆனாலும், 'அவர்தான் இஸ்பேட் என்று சொல்லிவிட்டாரே' என்று பேசாமல் இருந்துவிடும். இந்த ரகசியம் தெரிந்த ஆசாமிகள் பலர் யந்திரத்தோடு ஆடும்போது கூசாமல் புளுகுகிறார்கள். மனிதனாக இருந்தால் ஒரு தடவை ஏமாந்தவன் மறுநாள் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். யந்திரத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது. அடுத்த ஆட்டத்திலும் நம்பும். அதற்கடுத்த ஆட்டத்திலும் நம்பும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. எதிரி மட்டுமா நம்புகிறது? உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியும் யந்திரம்தானே! அதுவும் நம்பி, உற்சாகமாக 'நாலு இஸ்பேட்' என்று ஏற்றிவிடும். புளுகினவர் பத்துப் பிடிக்கு வழி தேடித் திண்டாட வேண்டியதுதான்.

இரண்டாவது குணம் இன்னும் வேடிக்கையானது. புத்தகத்தை மட்டும் நம்பாமல் ஜிப் கொஞ்சம் யோசிக்கவும் செய்யும். எப்படி? இதுவரை கேட்ட ஏலத்துக்குப் பொருந்துகிற மாதிரி மற்ற மூவரின் கைகளையும் கற்பனையில் பலவிதமாகப் பங்கிட்டுப் பார்க்கும். ஒவ்வொன்றிலும், 'நான் இப்படிக் கேட்டால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள், கடைசியில் என்ன கிடைக்கும்?' என்று கணக்குப் போட்டு, அதிக லாபம் தருவதைச் சொல்லும். நல்ல யோசனை போலத்தான் இருக்கிறது. ஆனால் இதில் உள்ள ஓட்டையைக் கின்ஸ்பெர்க்கே 2001-ல் எழுதிய கட்டுரையில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். புத்தகம் கொஞ்சம் பயந்த சுபாவமுள்ளதாக இருந்தால், 'கூட்டாளி பயந்துதான் கேட்பான். நாம் ஒரு படி ஏற்றுவோம்' என்று ஒரு யந்திரம் நினைக்கும். எதிரே உள்ள யந்திரமும் அதையே நினைக்கும். மருமகள் உப்புக் குறைவாகத்தான் போட்டிருப்பாள் என்று மாமியார் ஒரு கை போட, மாமியார் போட மறந்திருப்பார் என்று மருமகள் ஒரு கை போட, சாம்பார் என்ன ஆகும்? அதே கதிதான்.

இன்னொன்றும் சொல்கிறார். 'ஏழு டைமன்' என்பது 13 பிடியும் எடுப்பதாகச் சொல்லும் அபூர்வமான ஏலம். அதற்கு என்ன பதில் சொல்வது என்ற பக்கத்தில் புத்தகத்தில் ஒரு பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண யந்திரம் அந்தப் பக்கத்துக்கே போகாது. யோசிக்கிற யந்திரமோ, 'நான் ஏழு டைமன் என்றால் எதிரி உளறுவான். எனக்கு லாபம்' என்று கண்டுபிடித்து, அடிக்கடி அதையே கேட்க ஆரம்பித்துவிடுமாம். தன் புத்தகத்தில் உள்ள தப்பை எதிராளியின் முட்டாள்தனம் என்று நினைத்துக்கொள்கிறது, பாவம்!

மூன்றாவது, கற்பனையில் கைகளைப் பங்கிடும்போது நாலு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு ஆடிப் பார்க்கிறது. அதனால், ராணி யாரிடம் இருக்கிறாள் என்று ஒருவரும் திகைக்கவே மாட்டார்கள் என்பது அதன் எண்ணம். விஷயத்தை மறைப்பதில் உள்ள லாபமும் அதற்குத் தெரியாது, விசாரித்து அறிவதில் உள்ள லாபமும் தெரியாது. சீட்டு ஏலத்தில் அந்த அம்மாள் கடைசிவரை மூலையில் மௌனமாக இருந்தாளே, அந்த மௌனத்தின் விலை யந்திரத்துக்குப் புரியாது.

புத்தகத்தில் இல்லாத இடத்துக்கு ஏலம் போய்விட்டாலோ கேட்கவே வேண்டாம். 'இதோடு நிறுத்திக்கொள்' என்ற பாவனையில் நீங்கள் ஒன்று சொல்வீர்கள். மனிதக் கூட்டாளிக்கு அது பளிச்சென்று புரியும். யந்திரம் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்து மேலே மேலே ஏறிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மனிதக் கூட்டாளிகள் உத்தமர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1929-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி அமெரிக்காவில் கான்ஸஸ் நகரத்தில் பென்னட் தம்பதி அண்டை வீட்டாருடன் பிரிட்ஜ் ஆடினார்கள். கணவர் நாலு இஸ்பேட் ஏற்று ஆடித் தோற்றார். பேச்சு வளர்ந்தது, அவர் மனைவியைக் கன்னத்தில் அறைந்தார். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி வெடித்து, கணவர் பிணமானார். 1931-ல் ஜூரிகள் மர்ட்டில் பென்னட்டைக் குற்றவாளியல்ல என்று விடுதலை செய்தார்கள். யந்திரக் கூட்டாளி அறையாது, 'உனக்கு மூளை இருக்கிறதா?' என்று நாலு பேர் எதிரில் கேட்காது. நீங்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்தைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. பெரிய போட்டிகளில் கூட்டாளியின் முகம் தெரியாமல் மேஜை நடுவே திரை கட்டுகிறார்கள். யந்திரத்துக்குத் திரையே தேவையில்லை. ஆட்டத்துக்கு ஆள் சேராத வீடுகளில், மத்தியானம் ஒரு மணி நேரம் தனியாகக் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு இதைவிடச் சாதுவான வாத்தியார் கிடைப்பது அரிது.

ஆபத்து எங்கே என்றால், வாத்தியாரை ஏமாற்றப் பழகிவிடுவதில். ஒரே ஒரு ஆட்டினைக் கையில் வைத்துக்கொண்டு 'ஒரு நோ டிரம்ப்' என்று சொல்லி யந்திரத்திடம் ஆறு மாதம் ஜெயித்தவர், ஏழாவது மாதம் ஒரு மனுஷியின் எதிரில் உட்கார்ந்து அதையே சொல்கிறார். அவள் நம்பி ஏற்றுகிறாள், தோற்கிறாள். இரண்டாவது தடவையும் தோற்கிறாள். மூன்றாவது தடவை அவர் உண்மையையே சொன்னாலும் அவள் நம்புவதில்லை. இருவருக்கும் இருந்த 15 சொற்களும் அன்றோடு செல்லாக்காசு. பொய் சொல்லக்கூடாது என்று பிரிட்ஜ் சட்டத்தில் இல்லை. கூட்டாளிக்கு மட்டும் தெரிந்த பொய்யாக இருக்கக்கூடாது என்றுதான் இருக்கிறது. எதிரிகளைப் போலவே கூட்டாளியும் ஏமாற வேண்டும். அந்த ஏமாற்றத்தை யந்திரம் மறந்துவிடும், மனிதர்கள் மறப்பதில்லை.

நம் நாட்டில் இந்த ஆட்டம் வளர்ந்திருப்பது பலருக்குத் தெரியாது. 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் பிரிட்ஜ் முதன்முதலாக இடம் பெற்றது. பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் ஜோடியாகத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56! ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் கிரண் நாடார். எச்.சி.எல். கம்ப்யூட்டர் கம்பெனியை நிறுவிய நம் தூத்துக்குடிப் பக்கத்து சிவ் நாடாரின் மனைவி. கணவர் கம்ப்யூட்டர் செய்தார். மனைவி மனிதர்களோடு சீட்டாடிப் பதக்கம் வாங்கினார்.

சதுரங்கத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவைக் கம்ப்யூட்டர் 1997-லேயே தோற்கடித்துவிட்டது. அங்கே காய்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. பிரிட்ஜில் 2022-ம் வருஷம் மார்ச் மாதம் பாரிஸில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. 'நூக்' என்ற புதிய யந்திரமும் எட்டு உலக சாம்பியன்களும் ஒரே மாதிரியான சீட்டுகளை வைத்துக்கொண்டு ஆடினார்கள். பத்துப் பத்தாக 80 சுற்றுகள், மொத்தம் 800 ஆட்டங்கள். அவற்றில் 67 சுற்றுகளை நூக் ஜெயித்தது. உலகமே ஆச்சரியப்பட்டது. ஆனால் அந்த 800 ஆட்டங்களிலும் ஏலமே கிடையாது. எல்லாவற்றுக்கும் 'மூன்று நோ டிரம்ப்' என்று முன்கூட்டியே நிச்சயித்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

நீங்களும் ஆடிப் பார்க்க விரும்பினால் ஒரு விஷயம். யந்திரத்தின் ஏலத்தின்மேல் விரலை வைத்தால், இத்தனை பாயிண்டு, இந்த இனத்தில் இத்தனை சீட்டு என்று அர்த்தம் திரையில் தெரியும். நீங்கள் சொல்லப்போகும் ஏலத்துக்கும் அது என்ன அர்த்தம் வைத்திருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்த்த பிறகே சொல்லுங்கள். காசு கட்டாமல் ஆடும் மேஜைகள் உண்டு, அவற்றிலேயே உட்காருங்கள். ஒரு ஆட்டத்துக்குப் பத்து நிமிஷத்துக்குமேல் ஆகாது. அடுப்பில் பால் வைத்திருந்தால் மட்டும் ஏலத்தை ஆரம்பிக்க வேண்டாம்.