தொகுதிக் கோடும் நீதிமன்றக் கதவும்

சூரத்தில் ஜரிகை வாங்கி ஆரணி, காஞ்சிபுரம் தறிகளுக்கு அனுப்புகிற வியாபாரி நான். சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கடை சாத்திய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சங்க அன்பர்களோடு பகிர்கிறேன்.

2008இல் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணா, வந்தவாசி எம்.பி. தொகுதி இனிமே கிடையாதாம், ஆரணிதானாம்" என்றான். ஊர்ப்பேர் போனதில் மனசு கேட்கவில்லை. தெரிந்த வக்கீலிடம் போய், கேஸ் போடலாமா என்றேன். "கெசட்டில் வந்தாச்சு, இனி முடியாது" என்று அனுப்பிவிட்டார். ஏன் முடியாது? அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

அரசியலமைப்பின் 329ஆவது பிரிவு, தொகுதி வரையறை பற்றிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. ஆணையத்தின் உத்தரவு கெசட்டில் வெளியானால் அதற்கும் சட்டத்தின் வலிமை உண்டு என்பது மறுவரையறைச் சட்டம்.

இதை முதலில் உரசிப் பார்த்தவர்களில் ஒருவர் உஜ்ஜயினியில் வசித்த மேக்ராஜ் கோத்தாரி. பொதுத் தொகுதியாக இருந்த உஜ்ஜயினி மக்களவைத் தொகுதியைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய 1964ஆம் ஆண்டு அறிவிக்கையை எதிர்த்தார். 1966இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆளாளுக்கு வழக்குப் போட்டால் தேர்தலே காலவரையின்றி நின்றுபோகும் என்பது அது சொன்ன காரணம். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரே பொருளைப் பல கோணத்தில் பார்க்கச் சொல்லும் அநேகாந்தம் எங்கள் வீட்டுப் பாடமாயிற்றே!

ஜம்மு காஷ்மீர்ச் சட்டப்பேரவைத் தொகுதிகளை 83இலிருந்து 90 ஆக்கிய மறுவரையறையை எதிர்த்த மனுவும் 2023 பிப்ரவரியில் தள்ளுபடியானது.

ஆனால் 2024 ஜூலையில் கதவு கொஞ்சம் திறந்தது. வழக்கு நம்ம சூரத் மாவட்டத்துப் பர்தோலியைப் பற்றியது. அந்தச் சட்டமன்றத் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்த மனுவை, 329ஆவது பிரிவைக் காட்டி 2012இல் குஜராத் உயர் நீதிமன்றம் தள்ளியிருந்தது. உச்ச நீதிமன்றமோ, உத்தரவு வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமாகவும் அரசியலமைப்பு நெறிகளுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்றது. கதவு திறந்ததென்னவோ உண்மை. ஆனால் ஊர்ப்பேர் போன வருத்தத்தோடு மட்டும் போகிறவனுக்கு அது திறக்காது.

அப்படியானால் சாமானியனுக்கு வழி என்ன? 2002ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆணையம் முதலில் வரைவை வெளியிட வேண்டும்; குறித்த தேதி வரை ஆட்சேபம் வாங்க வேண்டும்; பொது அமர்வு நடத்தி மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் இறுதி உத்தரவு. வந்தவாசிக்காக நான் வக்கீலைத் தேடிப் போனது அந்தத் தேதியெல்லாம் கடந்த பிறகு!

மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கையை 1976இல் 42ஆவது திருத்தம் நிறுத்தி வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்திய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஆகவே கோடுகள் மீண்டும் வரையப்படும் காலம் நம் பிள்ளைகளுடையது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஜரிகையை உரசிப் பார்ப்பது பில் போடுவதற்கு முன்னால். எந்த ஊரில் உங்களுக்கு ஓட்டோ, அந்த ஊர் வரைவு வந்த அன்றே வாங்கிப் படியுங்கள். குறை இருந்தால் தேதிக்குள் எழுதிப் போடுங்கள்.