மூன்று சக்கரமும் முறுக்குத் தண்டும்

மங்களூரில் மூன்று சக்கர மோட்டார் வண்டியில் விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களை ஏற்றிச் செல்லும் இளைஞர் ஒருவர், என்னிடம் பயின்றவர். “வளைவில் வண்டி சாய்கிறது; தடித்த தண்டு பூட்டினால் போதுமா ஐயா?” என்று வினவினார்.

சாய்வுத் தடுப்புத் தண்டு என்பது பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் உருக்குக் கம்பி. இரண்டும் ஒருங்கே எழுந்தால் அது வெறுமனே திரும்பும். ஒன்று மட்டும் எழுந்தால் முறுக்கேறி எதிர்க்கும். அவ்வெதிர்ப்பு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர்த் தண்டை 24 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகும், கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆனால் சாய்வு வேறு, கவிழ்வு வேறு. சக்கரங்கள் தரையைத் தொடும் மூன்று புள்ளிகளும் முன்புறம் குறுகிய முக்கோணமாகின்றன. வளைவில் எடையும் வெளித்தள்ளும் விசையும் சேர்ந்த விசைக்கோடு அம்முக்கோணத்தைக் கடந்தால் உட்புறச் சக்கரம் எழும்பும். தண்டு முக்கோணத்தை அகலமாக்குவதில்லை. சாய்வு குறைவதால் ஓட்டுபவருக்கு எச்சரிக்கையும் குறைகிறது! மேலும், ஒரு சக்கரம் பள்ளத்தில் பெறும் அதிர்ச்சி மற்றதையும் தாக்கும். பீங்கானுக்கு அது பகையன்றோ?

“முதலில் சுமையைத் தாழ்த்திப் பின்னச்சை ஒட்டி வை. தேய்ந்த ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்று. தண்டைப் பிறகு பார்ப்போம்” என்றேன். மேலடுக்குப் பெட்டிகளை அவர் அன்றே இறக்கிவிட்டார்.