பெயர் கேட்கும் உடுக்கை

உடுக்கையைக் கையில் வாங்கியதும் கண்ணில் படுவது அதன் ஒடுங்கிய இடுப்பு. மரத்தில் குடைந்ததோ பித்தளையில் வார்த்ததோ, இரு வாயிலும் மெல்லிய தோல். இரண்டு தோல்களையும் இழுத்துக் கட்டிய கயிறு இடுப்பில் ஒரு துணிப்பட்டைக்குள் அடங்கியிருக்கும். இடக்கை அந்த இடத்தைப் பற்றியிருக்க, வலக்கை விரல்கள் ஒரு பக்கத் தோலில் தட்டும். பிடியை இறுக்கினால் கயிறு உள்வாங்கும், தோல் விறைக்கும், ஓசை ஏறும். தளர்த்தினால் இறங்கும். தட்டிக்கொண்டே பிடியை மாற்றினால் ஓசை குழைந்து விம்மும்.

அந்த விம்மலை வைத்துத்தான் பேயோட்டுகிறார்கள். தென்மாவட்டங்களில் உடுக்கடித்துக் குறி சொல்பவர் கோடாங்கி. செஞ்சிப் பக்கம் பம்பைக்காரர்கள். பம்பை மேளத்தோடு உடுக்கையும் சேர்ந்து ஒலிக்கும். சத்தத்துக்கு அஞ்சிப் பேய் ஓடுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் உடுக்கை முதலில் பேயை வரவழைக்கிறது. பேய் பிடித்த பெண் தலைவிரித்து ஆடத் தொடங்கியதும் கேள்வி வரும்: "நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்தே?" பெயரைச் சொல்லும்வரை உடுக்கடி ஓயாது. சொல்லிவிட்டால் பேய் பிடிபட்டது.

பெயர் தெரிந்தால் அடக்கலாம் என்ற நம்பிக்கை பல நாட்டுக் கதைகளில் உண்டு. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதையில் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்ற குள்ளன், அரசி தன் பெயரைச் சொன்ன நொடியில் தோற்கிறான். அங்கே அந்தப் பெயரை ஒட்டுக்கேட்டு வர வேண்டியிருந்தது. இங்கே பேயே தன் வாயால் சொல்கிறது.

இந்தச் சடங்குகளைத் தென்னார்க்காட்டில் ஆராய்ந்து 2000இல் நூலாக்கிய மானுடவியலாளர் இசபெல் நபகோவ், பேய் பிடித்தவர்களில் புதிதாகக் கல்யாணமான பெண்கள் அதிகம் என்கிறார். பிடிப்பதோ பெரும்பாலும் ஆசை தீராமல் அகாலத்தில் செத்த இளைஞர்களின் ஆவி. எனக்கு இந்த இடம்தான் மனதை விட்டுப் போகவில்லை. புகுந்த வீட்டில் வாய் திறக்காத பெண்ணிடம், ஊர் கூடி நின்று "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறது. கோழி, சாராயம், சுருட்டு எனப் பேய் கேட்பதெல்லாம் பேரம் பேசித் தரப்படும்.

பேய் போக ஒப்புக்கொண்டதும் அந்தப் பெண்ணின் உச்சந்தலையில் ஒரு கொத்து முடியை முடிச்சிடுவார்கள். கையில் ஒரு கனத்த கல். அந்தச் சுமையோடு ஊருக்கு வெளியே புளியமரம்வரை ஓடி, கல்லைக் கீழே போட வேண்டும். பிறகு முடிச்சை அறுத்து, அந்த முடியை மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள்.