மிரட்டல் மின்னஞ்சல் வந்தால் போலீசுக்குப் போக வேண்டுமா?

மின்னஞ்சலில் வரும் மிரட்டல்களில் பெரும்பாலானவை ஆள் தெரியாமல் மொத்தமாக அனுப்பப்படுபவை. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் வைத்துவிட்டேன், ஆபாசத் தளம் பார்த்ததைக் கேமராவில் பிடித்துவிட்டேன், பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் வீடியோ உறவினர் எல்லோருக்கும் போகும்' என்பதுதான் வழக்கமான பாட்டு. 2018 ஜூலையில் இந்த மிரட்டல் உலகெங்கும் பரவியபோது, பெறுபவரின் பாஸ்வேர்டும் கூடவே வந்தது. தன் பாஸ்வேர்டையே எதிரில் பார்ப்பவர் நம்பாமல் என்ன செய்வார்? ஆனால் அது இணையதளங்களிலிருந்து எப்போதோ களவுபோன பட்டியலில் கிடந்த பழைய பாஸ்வேர்டு. வீடியோ என்று எதுவும் இல்லை. ஃபோர்பியெக்ஸ் என்ற வைரஸ் வலையமைப்பு இத்தகைய மின்னஞ்சல்களை மணிக்கு 30,000 வரை அனுப்பியதாக 2019இல் செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது.

சில சமயம் மிரட்டல் பெறுபவரின் சொந்த முகவரியிலிருந்தே வந்ததுபோலத் தெரியும். தபால் உறையில் அனுப்புநர் முகவரியாக யார் பெயரையும் எழுதிவிடலாம், மின்னஞ்சலிலும் அப்படித்தான். கணக்கு திருடுபோனதற்கு அது சான்று ஆகாது.

இவற்றுக்காகக் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை. பதில் எழுதாமல், பணம் அனுப்பாமல், அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது புழக்கத்தில் இருந்தால் மாற்றிவிட்டு, ஸ்பேம் என்று குறித்துவிடலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்து வைப்பதும் வீண் அல்ல. பலருடைய புகார்களில் ஒரே பிட்காயின் முகவரி இருந்தால், அவை ஒரே கும்பலின் வேலை என்று சந்தேகிக்க அது பிடி கொடுக்கும்.

வெடிகுண்டு மிரட்டல் மட்டும் விதிவிலக்கு. 2018 டிசம்பர் 13 அன்று அமெரிக்கா, கனடா நிறுவனங்களுக்கு 20,000 டாலர் கேட்டு வந்தவையும், 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்தவையும் புரளிகளே. ஆனாலும் புரளியா இல்லையா என்று முடிவு செய்வது மின்னஞ்சலைப் பெற்றவர் வேலை இல்லை. உடனே 112க்கு அழைக்க வேண்டும்.

பிள்ளையின் பள்ளி, வீட்டுத் தெரு, உண்மையான அந்தரங்கப் படம், பழகிய ஒருவரின் பேச்சு நடை என்று மிரட்டல் குறிப்பாக ஒருவரையே குறிவைத்தால் தயங்காமல் புகார் கொடுக்க வேண்டும். பணம் கைமாறியிருக்க வேண்டும் என்பதில்லை. பறிப்பதற்காக அச்சுறுத்தியதே பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவின்படி குற்றம். 'இது எங்க லிமிட் இல்லை' என்று பதில் வந்தால், எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்பதை நினைவூட்டலாம்.

புகாருக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அஞ்சல் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரம் அதன் ஹெடரில்தான் இருக்கிறது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' வழியாக அதை அப்படியே இறக்கி வைக்கலாம். வேறொருவருக்கு ஃபார்வேர்டு செய்த பிரதியில் அந்த விவரம் இருக்காது. அதனால் அசலை அழிக்கக் கூடாது.

பயத்தில் பணம் அனுப்பிவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். வங்கி அல்லது யுபிஐ வழியாகப் போன பணத்தை, மோசடிக்காரர் எடுப்பதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பிட்காயினாகப் போனதை மீட்பது மிகக் கடினம்.