குவளைக்குள் ஒரு நிலாவரை

தரம் 5 என்றாலே புலமைப்பரிசில் என்றாகிவிட்ட யாழ்ப்பாணத்தில், சுற்றாடல் பாடமும் கடந்தகால வினாத்தாள்களுக்குள் ஒடுங்கிவிடுகிறது. பிள்ளைகள் குடிக்கும் கிணற்று நீரிலேயே நல்லதொரு பாடம் இருக்கிறது என்பேன்.

கண்ணாடிக் குவளையில் பாதிக்கு, நிறம் கலந்த உப்புநீரை ஊற்றுங்கள். அதன்மேல் கரண்டி வழியே நல்லதண்ணீரை மெல்ல வடிய விடுங்கள். இரண்டும் படையாக நிற்கும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இப்படித்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் மிதக்கிறது.

இனி ஊசியில்லாத சிரிஞ்சை நிறப்படைக்குச் சற்று மேலே பிடித்து, ஒரு பிள்ளை மெதுவாக இழுக்கட்டும். வேறொரு குவளையில் இன்னொரு பிள்ளை வேகமாக இழுக்கட்டும். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எல்லோரும் கொப்பியில் எழுதவேண்டும். இதை விட்டால் பாடம் வெறும் வித்தைகாட்டல். வேகமாக இழுத்தால் நிறம் மேலேறும். மோட்டார் பூட்டி அளவுக்குமேல் இறைத்த கிணறு உவராவதும் அப்படியே. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே அரை அடி குறைந்தால்? பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும்.

அடுத்த நாள் அவரவர் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுவரச் சொல்லுங்கள். சம அளவில் தட்டுகளில் ஊற்றி வெயிலில் காயவைத்து, மிஞ்சும் வெள்ளைப் படிவை ஒப்பிடலாம். அதில் உப்போடு சுண்ணாம்பும் இருக்கும். வாயில் வைத்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.